தழும்புகள் மறையவில்லை



கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் பாதுகாவலியான புனித லூசியாளின் படத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அவர் ஏந்திய தட்டில் இரு கண்கள் இருக்கும். வேதகலாபனையில் அவருடைய கண்கள் பிடுங்கப்பட்டன என்பது பிற்கால மரபு. புனித செபஸ்தியாரை அம்புகளைக் கொண்டும், புனித பர்த்தொலொமேயுவை உரிக்கப்பட்ட தோலைக் கொண்டும் இனங்காண்கிறோம். திருச்சபை தன் புனிதர்களின் காயங்களை ஒளிக்கவில்லை; அவற்றையே அவர்களின் அடையாளமாக்கிற்று.

நம் குடும்பங்களில் நடப்பதென்ன? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், முகத்திலுள்ள தழும்பை மறைக்கப் பவுடர் பூசுவார்கள். நிறம் குறைந்த பிள்ளைக்குச் சீதனத்தைக் கூட்டிப் பேசுவார்கள். உதடு பிளந்து பிறந்த குழந்தையைக் கண்டால், யார் செய்த பாவமோ என்பார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இப்பேச்சைக் கேளாத வீடு குறைவு.

இக்கேள்வி பழையது. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் இதையே கேட்டார்கள். அவனிலும் அவன் பெற்றோரிலும் பாவத்தைத் தேடியதை ஆண்டவர் ஏற்கவில்லை (அருளப்பர் 9).

ஆரோன் வழிவந்த குருக்களில் உடற்குறை உள்ளவர் பலிபீடத்தை அணுகலாகாது என்று பழைய ஏற்பாட்டில் விதி இருந்தது உண்மையே. ஆயினும் பரிசுத்த உணவில் அவருக்கும் பங்குண்டு என அதே அதிகாரம் கூறுகிறது (லேவியர் 21). 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் சில உடற்குறைகளைக் குருத்துவத்துக்குத் தடையாக வைத்திருந்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் தடைகளில் அது இடம்பெறவில்லை.

அப்படியாயின் நிறைவு என்பது யாது? வானகத் தந்தையைப் போல் நிறைவுள்ளவர்களாக இருக்க ஆண்டவர் அழைத்தபோது (மத்தேயு 5), அதற்குமுன் அவர் பேசியது முகத்தையோ நிறத்தையோ பற்றியல்ல. பகைவரையும் நேசிக்கும் அன்பைப் பற்றியே. குறையின்மை வேறு, நிறைவு வேறு. நெளிந்த குடமாயினும் தண்ணீர் நிறைந்தால் அது நிறைகுடமே.

இதன் சிகரம் உயிர்ப்பு. சாவை வென்ற உடலில் ஆணித் தழும்புகள் மறைந்திருக்கலாம்; மறையவில்லை. தோமையார் ஆண்டவரை அறிந்துகொண்டது அவற்றைக் கண்டுதான் (அருளப்பர் 20). வேதசாட்சிகளின் தழும்புகளும் விண்ணக வாழ்வில் நிலைத்திருக்கக்கூடும், அவை அங்கே அவலட்சணமாக அல்ல, மாண்பாகவே விளங்கும் என்று புனித அகுஸ்தீனார் ‘கடவுளின் நகரம்’ என்ற தம் நூலில் கருதுகிறார்.

இது நமக்கு வெறும் ஏட்டுப் பாடமல்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொச்சிக்கடை ஆலயம் செப்பனிடப்பட்டு, அதே ஆண்டு யூன் 12இல் மீண்டும் அர்ச்சிக்கப்பட்டது. கட்டுவப்பிட்டியிலோ, இரத்தம் தெறித்த உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தைக் கழுவிப் புதுப்பிக்காமல், கண்ணாடிக்குள் வைத்துப் பேணுகிறார்கள். அந்தச் சுரூபத்தின் முன் பணிவோடு நிற்கும் நாம், அதே நாளில் காயமுற்ற ஒரு சகோதரியின் முகத் தழும்பைக் கண்டு பார்வையைத் திருப்பலாமா? சுரூபத்துக்குக் கொடுக்கும் மரியாதையை உயிருள்ள உடலுக்கு மறுக்கலாமா?

ஒன்றைத் தவறாக விளங்கக்கூடாது. காயப்படுத்திய கொடுமை அழகானதல்ல. அதைக் கடவுள் அனுப்பினார் என்பதும் தவறு. பிளந்த உதட்டைச் சத்திரசிகிச்சையால் சீராக்கலாம். வலியுள்ள தழும்புக்கு வைத்தியம் செய்யவேண்டும். ஆண்டவரே நோயாளரைக் குணமாக்கினார். நீக்கவேண்டியது வேதனை, அதோடு சேர்ந்து நீங்கவேண்டியது வெட்கம். வேதனையை வைத்தியர் நீக்குவார். வெட்கத்தை நீக்கவேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாம்தான்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் பிள்ளைகளின் நிறத்தையோ உருவத்தையோ அவர்கள் காதுபட ஒப்பிட்டுப் பேசுகிறோமா?

2. திருமணம் பேசும்போது முதலில் விசாரிப்பது எதை?

3. உடற்குறையுள்ள ஒருவர் நம் பங்கில் வாசகம் வாசிக்கவோ, பாடகர் குழுவில் பாடவோ இடம் பெற்றிருக்கிறாரா? இல்லையெனில், இந்த ஞாயிறு அவரை அழைக்க நம்மில் யார் போவது?