எலியை இருட்டா எழுப்புகிறது?

விளக்கை அணைத்த சற்று நேரத்தில் அலமாரிக்குப் பின்னால் பரபரவென்று சத்தம் கேட்கும். இருட்டுதான் எலியைக் கிளப்பிவிடுகிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம். இது பாதிதான் சரி. வெளிச்சம் கண்டால் எலி பதுங்கும், உண்மைதான். ஆனால் ஓட்டச் சக்கரம் உள்ள கூண்டில் ஒரு சுண்டெலியை விட்டு, நாள்கணக்கில் கும்மிருட்டில் வைத்தாலும் அது எந்நேரமும் ஓடுவதில்லை. பல மணி நேரம் ஓடும், அடங்கும், மறுநாள் சில நிமிடம் முன்னதாகவே சக்கரத்தில் ஏறும். ஆய்வகச் சுண்டெலிகள் பலவற்றுக்கு உடலின் ஒரு நாள் 24 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தத் தாளத்தை நடத்துவது, மூளையின் அடியில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே இருக்கும் சின்னஞ்சிறு நரம்பணுக் கூட்டம். 1972இல் எலிகளிடம் அதை அழித்துப் பார்த்தார்கள், தாளமே போய்விட்டது. அந்த உயிர்க்கடிகாரத்தைத் தினமும் ஊர் நேரத்துக்குத் திருத்தி வைப்பதுதான் வெளிச்சத்தின் வேலை.

வெளிச்சம் எப்போது பட்டாலும் பலன் ஒன்றுதான் என்பது அடுத்த நம்பிக்கை. 1960இல் பட்ரீசியா டிகோர்சி பறக்கும் அணில்களைத் தொடர் இருட்டில் வைத்து, வெவ்வேறு வேளைகளில் சில நிமிடம் மட்டும் வெளிச்சம் காட்டினார். அணிலின் இரவு தொடங்கும்போது பட்ட வெளிச்சம், மறுநாள் அது கிளம்பும் நேரத்தைத் தள்ளிப்போட்டது. இரவின் கடைசியில் பட்டது முன்னுக்கு இழுத்தது. பகல் வேளையில் பட்டது பெரிதாக எதையும் அசைக்கவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் நம் வயல் சுண்டெலிகளிடம் செய்த சோதனைகளும் இதே போக்கைக் காட்டின. எவ்வளவு வெளிச்சம் என்பதோடு எந்த வேளையில் என்றும் கேட்டாக வேண்டும்.

பார்வையற்ற எலிக்குப் பகலும் இரவும் ஒன்று என்பதும் தவறு. உருவங்களைக் காட்டும் கூம்பணுக்களும் கோலணுக்களும் இல்லாத சுண்டெலிகளின் கடிகாரமும் வெளிச்சத்துக்கு நகர்ந்தது என்று 1999இல் தெரியவந்தது. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட வேறு அணுக்கள் வெளிச்சத்தின் அளவை நேரே அந்தக் கடிகாரத்துக்குச் சொல்கின்றன. கண்ணையே எடுத்துவிட்டால் செய்தி நின்றுபோகிறது.

எனக்கு மிகவும் கவலை தருவது, 'மங்கலான வெளிச்சம்தானே' என்கிற அலட்சியம். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் சில சுண்டெலிகளுக்கு இரவு முழுவதும் வெறும் 5 லக்ஸ் வெளிச்சம் வைத்தார்கள். இருட்டான இரவைக் கண்டவற்றைவிட அவை கூடுதலாக எடை போட்டன. தின்ற மொத்தத் தீனி கூடவில்லை, ஓட்டமும் குறையவில்லை. தூங்க வேண்டிய பகலில் அதிகம் தின்றன, அவ்வளவுதான். தீனியை இரவில் மட்டும் கொடுத்தபோது அந்தக் கூடுதல் எடை ஏறவில்லை.

ஆகவே ஹாம்ஸ்டர் வளர்ப்பவர்கள் கூண்டருகே ஜீரோ வாட் பல்பை விடிய விடிய எரியவிட வேண்டாம். சிவப்பு பல்ப் என்றால் பாதகமில்லை என்றும் நம்ப வேண்டாம். எலியினத்தின் கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகத் தெரியுமே தவிர, பிரகாசம் கூடினால் அதுவும் வெளிச்சம்தான்.