துணிக்கடையும் ஒரு கல்விக்கூடமே



"ஆள் பாதி, ஆடை பாதி" என்பர் பெரியோர். ஆடையின் சிறப்பு அதன் விலையில் மட்டும் இல்லை; துணியின் தரத்திலும் தைத்தவரின் கைத்திறனிலும் இருக்கிறது. விடுமுறையில் சிங்கப்பூர் செல்லும் நம் ஜொகூர்த் தோட்டத்துக் குடும்பங்கள் துணி வாங்காமல் திரும்புவது அரிது. அங்குள்ள வெள்ளியின் மதிப்பு நம் ரிங்கிட்டைவிட மிகுதி. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த பணமாதலின், அறிந்து வாங்குவதே அறிவுடைமை. அந்நகரின் துணிக்கடைகளையே ஒரு பாடமாகக் கொள்வோம்.

முதலில் தேக்கா. சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில், 1982இல் கட்டி முடிக்கப்பட்ட தேக்கா நிலையம் உள்ளது. கீழே சந்தையும் உணவுக்கடைகளும் உள்ளன. மேல்தளத்தில் சேலைக் கடைகளும் தையற்காரர்களும் உள்ளனர். சேலையின் நீளம் ஏறக்குறைய 5.5 மீட்டர். இரவிக்கைத் துணி அதனுடன் சேர்ந்ததா, தனியா என்று விரித்துப் பார்த்தே வாங்குக. வெட்டித் தரும் துணியாயின், விலை கஜத்துக்கா, மீட்டருக்கா எனக் கேட்டறிக. 10 கஜம் என்பது 9 மீட்டர் 14 சென்டிமீட்டரே. கேளாமல் வாங்கினால் 86 சென்டிமீட்டர் குறையும். அது ஒரு சிறுவனின் சட்டைக்கு வேண்டிய துணி!

அடுத்து, சுல்தான் பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள அரபுத் தெரு. இங்கே பாத்தேக் துணிகளைக் காணலாம். உருக்கிய மெழுகால் கோலம் வரைந்தோ, செப்பு அச்சால் பதித்தோ, துணியைச் சாயமிடுவர். மெழுகு படிந்த இடத்தில் சாயம் பற்றாது. பின்னர் வெந்நீரில் மெழுகை நீக்குவர். ஆகவே அசல் பாத்தேக்கின் இருபுறமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். இயந்திரத்தில் அச்சிட்ட துணி பெரும்பாலும் பின்புறம் வெளிறியிருக்கும். திருப்பிப் பார்ப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சைனாடவுனில், 1973இல் எழுந்த பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸிலும் அதன் சுற்றுப்புறத்திலும் துணி, நூல், ஊசி, பூத்தையல் பொருள்கள் கிடைக்கும். குறுக்குத் தையலுக்கான கட்டத் துணி வாங்குமுன் ஒரு கணக்குப் போடுவோம். ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள் உள்ள துணியில், 70 கட்ட அகலமும் 98 கட்ட உயரமும் கொண்ட பூவைத் தைக்க வேண்டும். 70ஐ 14ஆல் வகுத்தால் 5 அங்குலம்; 98ஐ வகுத்தால் 7 அங்குலம். நான்கு பக்கமும் 2 அங்குலம் விட்டால், 9 அங்குல அகலமும் 11 அங்குல உயரமும் உள்ள துணி போதும். வகுத்தல் கற்ற மாணவர் கையில் துணி வீணாகாது.

இறுதியாக, ஆர்மேனியன் தெருவிலுள்ள பெரனாக்கான் அரும்பொருளகத்தையும் காண்க. நொன்யா பெண்கள் மணி கோத்துச் செய்த காலணிகளும், பூத்தையல் நிறைந்த கெபாயாச் சட்டைகளும் அங்கே உள்ளன. 2024ஆம் ஆண்டு டிசம்பரில், மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் மரபுச் செல்வமாகக் கெபாயாவை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நொன்யா கெபாயாவின் நுண்ணிய பூத்தையல் பலவும் காலால் மிதிக்கும் சாதாரணத் தையல் இயந்திரத்தில் உருவானவை என்பதை நினைவில் வையுங்கள்.

அத்தகைய இயந்திரம் நம் தோட்டத்து வீடுகள் சிலவற்றிலும் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. பாட்டியும் அம்மாவும் அறிந்த தையல் அவர்களோடு நின்றுவிட்டால், பின்னர் எந்தக் கடையிலும் அதை விலைக்கு வாங்க இயலாது. தாய்மார்களே, ஆண், பெண் என்று பாராமல் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். மாணவர்களே, இவ்விடுமுறையிலேயே ஒரு பொத்தானையேனும் நீங்களே தைத்துப் பழகுங்கள். கைத்தொழில் கற்றவர் கலங்குவதில்லை!