கீழ்க்குழாயை மூடினால் மாடியில் நீர் வரும்!

மாடி வீடொன்றில் வலுக்குறைந்த பம்பு ஒன்று ஓடுகிறது என்று கொள்வோம். கீழ்த்தளக் குழாய்கள் திறந்திருந்தால் மாடிக் குழாயில் நீர் சொட்டும். அவற்றை மூடினால் மாடியில் நீர் நன்றாக வரும். பம்பின் வலு கூடவில்லை. நீர் வெளியேறும் வழிகள் குறைந்ததால் அழுத்தம் உயர்ந்தது. நின்றுபோன இதயத்தை மீண்டும் துடிக்கச் செய்ய இவ்வுண்மை உதவுமா?

ஓய்வு நிலையில் நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. அது திடீரென நின்றால், மார்பை விட்டுவிட்டு அழுத்துவதே முதலுதவி. இம்முறையை 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தினர் மூவர் வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரான கௌவன்ஹோவன் மின்பொறியியல் பேராசிரியர்! ஆனால், கையால் அழுத்தும்போது இயல்பான ஓட்டத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே கிடைக்கும்.

இதயத் தசைக்கும் இரத்தம் தேவை. மார்பிலிருந்து அழுத்தத்தை விடும் கணத்தில், பெருந்தமனிக்கும் இதயத்தின் வலது மேலறைக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாடே அதைத் தசைக்குள் செலுத்துகிறது. இவ்வேறுபாடு 15 மி.மீ. பாதரசத்தையாவது எட்டாவிட்டால் இதயம் மீண்டும் துடிப்பது அரிது.

இங்குதான் பலூன் வருகிறது. தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை மார்புப் பகுதிப் பெருந்தமனியில் உப்புநீரால் உப்பச் செய்கிறார்கள். வயிற்றுக்கும் கால்களுக்கும் செல்லும் வழி அடைபடுகிறது. கிடைக்கும் சிறிதளவு இரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் திரும்புகிறது.

பலூன் புதிதன்று. கொரியப் போரில் காயமுற்றோரின் வயிற்றினுள் ஏற்பட்ட இரத்தப்போக்கைத் தடுக்க இதைப் பயன்படுத்தியதை ஹியூஸ் என்ற மருத்துவர் 1954-இல் எழுதினார். காயமின்றி இதயம் நின்றவர்களுக்கு, மருத்துவமனைக்கு வெளியிலேயே இதைச் செய்து பார்த்தவர்கள் நார்வேயின் டிரான்ட்ஹைம் நகர மருத்துவர்கள். 2019-இல் வெளியான அவர்களது ஆய்வில், 10 பேருக்கும் பலூனைப் பொருத்த முடிந்தது. 6 பேரின் இதயம் மீண்டும் துடித்தது. எனினும் 30 நாட்களைக் கடந்து வாழ்ந்தவர் ஒருவரே. பலூன் உயிர்களைக் கூடுதலாகக் காக்கிறதா என்பதைப் பத்துப் பேரை வைத்துச் சொல்ல இயலாது.

இடரும் உண்டு. நெடுநேரம் அடைத்தால் சிறுநீரகமும் குடலும் இரத்தமின்றிக் கெடும். மேலும், பலூன் தானாக இரத்தத்தைச் செலுத்தாது. மார்பை அழுத்தும் கைகளே பம்பு. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும். இதை மாணவர்களாகிய நீங்களும் கற்கலாம்.

சிந்தியுங்கள்: இதயம் துடிக்கத் தொடங்கியதும் பலூனை ஏன் மெல்ல மெல்லச் சுருக்குகிறார்கள்? கீழ்க்குழாய்களை ஒரே நேரத்தில் திறந்தால் மாடிக் குழாய்க்கு என்ன நேரும்?