பழைய டெஸ்க்டாப்: தேத்தலாமா, மாத்தலாமா?

நம்ம விருத்தாசலத்துப் பீங்கான் ஜாடியை யோசிச்சுப் பாருங்க. சூளையில் சுட்ட பிறகு மேலே வர்ணம் தீட்டலாம், வடிவத்தை மாத்த முடியாது. டெஸ்க்டாப்பில் அந்த வடிவம்தான் மதர்போர்டு.

உங்க வீட்டில் இருப்பது 2013-ல் வந்த நாலாம் தலைமுறை இன்டெல் ஐ3-னு வைங்க. ஆன் பண்ணிட்டு டீ குடிச்சு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும். அப்பாகிட்ட பணம் கேட்கிறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜரைத் திறங்க. மெமரி நிரம்பியிருந்தா ரேம் போதலை. மெமரி காலியா இருந்தும் டிஸ்க் 100% காட்டினா, குற்றவாளி ஹார்ட் டிஸ்க். சுழலுற தட்டில் அலைஞ்சு தேடுற வேலை அதுக்கு. எஸ்எஸ்டியில் அந்த அலைச்சலே கிடையாது. நாளைக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதே சாட்டா எஸ்எஸ்டியைக் கழட்டி மாட்டிக்கலாம். டிடிஆர்3 ரேம் அப்படி இல்லை, புது போர்டில் பொருந்தாது. அதனால ரேமுக்குக் கையை இறுக்குங்க.

சிபியு 100%-லயே நின்னா? புது பிராசஸர், அதுக்கு போர்டு, அதுக்கு ரேம்... அதுக்குப் பேர் அப்கிரேடு இல்லை, தவணையில் புது கம்ப்யூட்டர்!

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சது. நாலாம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா கிடையாது. சி, பைத்தான் மட்டும்னா உபுண்டு போட்டு ஓட்டுங்க. சாலிட்வொர்க்ஸ் லினக்ஸில் ஓடாது. மெக்கானிக்கல்காரங்க எஸ்எஸ்டியோட நிறுத்திட்டு, மிச்சத்தைப் புதுசுக்குச் சேர்த்து வைங்க.