பழைய ஜீப்: போர் அடிப்பதா, எஞ்சினையே மாற்றுவதா?

தேனி மாவட்டத்தில் ஜீப் இன்னமும் வேலைக்காரன்தான். கம்பம், கோம்பை, தேவாரம், போடி என்று ஊர் ஊராக விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிறது. கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்துக்குள் இருந்தாலும், வண்டியில் போவதென்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் போக வேண்டும். இப்படி முப்பது, நாற்பது வருடம் உழைத்த மகிந்திரா ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் திணறி நீலப்புகை தள்ளும். பட்டறையில் இரண்டு யோசனைகள் காத்திருக்கும். “பிரிச்சு வேலை பாத்துருவோம்ணே” என்பார் ஒருவர். “பேசாம டிஐ எஞ்சினைத் தூக்கி வச்சுருங்க” என்பார் இன்னொருவர்.

எதற்கும் தலையாட்டுமுன் பார்க்க வேண்டியது ஆர்சி புக்கை. சாசி எண், எஞ்சின் எண், எரிபொருள் மூன்றையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட வேண்டும். கை மாறிக் கை மாறி வந்த ஜீப்புகளில், புத்தகத்தில் பெட்ரோல் என்றும் பானட்டுக்குள் டீசல் என்றும் இருப்பது அதிசயமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. எஞ்சினை மாற்றினால் 14 நாட்களுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்துப் பதிய வேண்டும். ஆகவே பெட்ரோல் வண்டியில் டீசல் வைக்க நினைப்பவர், எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்குமுன் அந்த அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுவது நல்லது. எஃப்சிக்குப் போகும்போதோ கேரளத்துச் சோதனைச் சாவடியிலோ கேட்டுத் தெரிந்துகொள்வது செலவு அதிகம்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஜீப் என்றால் கணக்கே வேறு. 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத சொந்த உபயோக வண்டிக்கு ‘விஏ’ வரிசையில் தனிப் பதிவெண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். எஞ்சினை மாற்றினால் அந்த வாய்ப்பு போயிற்று. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விடவும் முடியாது என்பதால், தோட்டத்துக்குப் போகும் ஜீப்பின் சொந்தக்காரர் இதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

அடுத்தது, எஞ்சினைப் பிரிக்காமலே அதன் உடம்பைப் பார்ப்பது. நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடான பின்னும் அடங்காத வெள்ளைப்புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ விரிசலையோ சந்தேகிக்கலாம். டீசலில் கரும்புகை மட்டும் என்றால் கோளாறு நாசிலிலும் பம்பிலும் இருக்கலாம். அதற்குப் போய் எஞ்சினை இறக்குபவர்களும் இருக்கிறார்கள். பிறகு எஞ்சின் சூட்டில் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் ஒன்றுக்கொன்று 10 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் வந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம். அளவு ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்தே குறைந்தால், இடையில் கேஸ்கெட் போயிருக்கும்.

ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் 100 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் சக்தியை இழக்கும். போடியிலிருந்து போடி மெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் உயரம் சுமார் 1,000 மீட்டர் கூடுகிறது. மேலே போகப் போக இழுவை கொஞ்சம் குறைவது நோயல்ல.

சோதனையில் தேய்மானம் உறுதியானால் பிரிக்கலாம். இங்கே பேச வேண்டியவர் மெக்கானிக் அல்ல, லேத் பட்டறைக்காரர். பழைய பெட்ரோல் ஜீப்பின் ‘ஹரிக்கேன்’ எஞ்சின் 2199 சிசி, போர் 3.125 அங்குலம். அதன் எக்ஸாஸ்ட் வால்வு ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வால்வு சீட்டுக்கும் போருக்கும் நடுவே விரிசல் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். போரை அளப்பதெல்லாம் பிறகு. பிளாக் நன்றாக இருந்து, முன்பு 10, 20 என்று அடித்த போரில் இன்னும் 30, 40 ஓவர்சைஸுக்கு இடமிருந்தால் போர் அடிப்பதே சரி. கடைசி அளவையும் தாண்டியிருந்தால் லைனர் இறக்க முடியுமா என்று கேட்க வேண்டும். கிராங்கிலும் இதே கேள்விதான்: எத்தனை முறை அரைத்தாகிவிட்டது, அந்த அளவுக்குப் பேரிங் கிடைக்குமா? பிஸ்டனையும் பேரிங்கையும் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் அளவுக்குப் போர் அடிக்கச் சொல்ல வேண்டும். முதலில் அடித்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடி மதுரைக்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கும் அலைகிறவர்கள் நிறைய. பெட்ரோல் என்றால் கார்பரேட்டர் கிட், பம்ப் டயாபிரம், ஹோஸ் எல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குபவையாக இருப்பதும் அவசியம்.

எஞ்சின் மாற்றம் நியாயமாவது, பிளாக்கோ கிராங்கோ மீட்க முடியாதபடி போன இடத்தில்தான். அப்போதும் முதல் தேர்வு அதே ரக எஞ்சின். அது கிடைக்காமல் போய், அலுவலக அனுமதியும் கைக்கு வந்துவிட்டால், மகிந்திராவே தன் ஜீப்புகளில் பொருத்தியவற்றுக்குள் தேடுவது புத்திசாலித்தனம். எம்எம் 540-இல் வந்த பியூஜோ 2112 சிசி, 62 குதிரைசக்தி டீசல். கமாண்டரில் வந்த 2523 சிசி டிஐ. டிராக்டர் வம்சத்து டிஐ குறைந்த சுற்றிலேயே இழுக்கும். 2010-இல் வந்த தார் டிஐ வரைக்கும் அதே 2523 சிசி என்பதால் சாமானுக்குப் பஞ்சமில்லை. கார்களிலிருந்து கழற்றிய வெளி எஞ்சின்கள் சத்தம் குறைவாக, சொகுசாக ஓடும். ஆனால் அவற்றுக்கு அடாப்டர் தட்டு, கிளட்ச், மவுன்ட், புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று எல்லாமே கைவேலை. ஏற்றத்தில் நின்றுவிட்டால் பக்கத்து ஊர் மெக்கானிக் தலையைச் சொறிவார்.

வைக்குமுன் ஒரு பெருக்கல் கணக்கு. பழைய சிஜே ஜீப்பின் கிரவுன் விகிதம் 5.38. 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டேகால் மீட்டர் நகரும். எஞ்சின் 3,000 சுற்றில் இருந்தால் டாப் கியரில் வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர்தான். மெதுவாகச் சுற்றும் டீசலை இந்தக் கிரவுனோடு சேர்த்தால் மெட்டு ஏற்றத்துக்குச் சரி, தேனி பைபாஸில் லாரிகூட முந்தும். கிரவுனை மாற்றுவதென்றால் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்ட அன்றே டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கேறிவிடும். டீசல் கனம் என்பதால் முன்பட்டை தாழும், ஸ்டார்ட்டருக்குப் பெரிய பேட்டரி வேண்டும், பிரேக் பூஸ்டர் இருந்தால் வேக்குவம் பம்ப் வேண்டும். சம்ப் முன் ஆக்ஸிலில் இடிக்கிறதா என்பதைச் சமதளத்தில் நிறுத்திப் பார்த்துப் பயனில்லை. பட்டை முழுதும் அமுங்கிய நிலையில் அளக்க வேண்டும். எஞ்சின் விலையை மட்டும் சொல்லும் மதிப்பீட்டை ஏற்காமல், இத்தனையையும் தனித்தனி வரியாக எழுதி வாங்கினால், மலிவென்று தோன்றிய மாற்றம் பல நேரம் போர் அடிக்கும் செலவைத் தாண்டியிருக்கும்.

எந்த வேலை முடிந்தாலும் மறுநாளே ஆளேற்றிக்கொண்டு கம்பம் மெட்டு ஏறக் கூடாது. புது ரிங் போரில் உட்காரும் வரை கம்பம், சின்னமனூர், தேனிச் சமவெளிச் சாலையில் சுமையில்லாமல், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டினாலும், நின்ற இடத்தில் மணிக்கணக்கில் ஓடவிட்டாலும் போர் கண்ணாடியாகி மறுபடி ஆயில் குடிக்கும். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். போட்ட கேஸ்கெட் ரகம் கேட்குமானால் ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கி, டேப்பெட் இடைவெளி சரிபார்த்த பிறகு, முதல் ஏற்றத்தைப் பாதிச் சுமையோடு, குளிர்ந்த காலை நேரத்தில், டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தபடி ஏறலாம்.