சன்சேடில் கம்பி எங்கே?

ஐதராபாத்தில் எங்கள் படிப்பு மையத்துக்கு ஒரு சித்தாள் அக்கா வருவார். சேலத்துக்காரர். ஒருநாள் அவர் கேட்டார்.

"தம்பி, நாங்க வேலை செஞ்ச வீட்டுல சன்சேடு விழுந்துடுச்சு. கம்பி போட்டுத்தானே கட்டினோம். ஏன் விழுந்துச்சு?"

நல்ல கேள்வி. பழைய ரப்பர் செருப்பு ஒன்றை எடுங்கள். இரண்டு செங்கல் மேல் பாலம் போல வையுங்கள். நடுவில் அமுக்குங்கள். மேல்பக்கம் நெருங்கும். அடிப்பக்கம் இழுபடும். செருப்பில் வெடிப்பு இருந்தால் அது அடியில்தான் வாய் திறக்கும்.

கூரைத் தளமும் இப்படித்தான் வளையும். கான்கிரீட்டை அமுக்கினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். இழுப்பைத் தாங்கத்தான் கம்பி. அதனால் தளத்தின் நடுப்பகுதியில் கம்பி அடிப்பக்கம் இருக்கும்.

சன்சேடு அப்படி அல்ல. அதற்கு ஒரு பக்கம்தான் பிடிப்பு. செருப்பின் ஒரு முனையைச் செங்கல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். மறுமுனையைக் கீழே அமுக்குங்கள். இப்போது இழுபடுவது எது? மேல்பக்கம். ஆகவே சன்சேடில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். அந்தக் கம்பி சுவரோடு சேர்ந்த லிண்டலுக்குள்ளும் போய்ப் பிடித்திருக்க வேண்டும்.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை.

"கம்பிய மேலதான் கட்டியிருந்தாங்க தம்பி. கலவை கொட்டும்போது நாங்கதான் அது மேல நடந்தோம்" என்றார்.

மிதிபட்ட கம்பி அடியில் இறங்கிவிட்டது. கம்பி இருந்தும் பயன் இல்லை. இது அக்காவின் குற்றம் அல்ல. நடப்பதற்குப் பலகை போட்டுத் தந்திருக்க வேண்டும். கம்பி இறங்காமல் இருக்க முட்டு வைத்திருக்க வேண்டும். ஐதராபாத்தில் 1998இல் தொடங்கிய தேசிய கட்டுமான அகாடமியில் கம்பி கட்டுவதைத் தனிப் பயிற்சியாகவே தருகிறார்கள். அவ்வளவு நுணுக்கமான வேலை அது.

எத்தனை கம்பி, என்ன கனம் என்பது பொறியாளர் கணக்கு. சுமையைப் பார்த்து அவர் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கு தவறினால் கம்பி கட்டுபவர் எவ்வளவு ஒழுங்காகக் கட்டியும் பயன் இல்லை. சென்னை அருகே மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்து வேலைக்குப் போனவர்களும் அதில் உண்டு. சுமைக்கு ஏற்ற பலம் தூண்களில் இல்லை என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

அடுத்த வாரம் அக்கா வந்தார்.

"மேஸ்திரிகிட்ட நடக்கப் பலகை கேட்டேன். முறைச்சார். அப்புறம் ரெண்டு பலகை எடுத்துப் போட்டார்" என்றார்.