வாயில் நுழையாத பெயரா? நம்ம எழுத்து இருக்கே!

 

லீவு நாளில் நம்ம ஊர் அருவிக்கு எத்தனை வண்டி வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அதில் பாதிப்பேர் வண்டியை நிறுத்தி, "திர்ப்பராப்பு எங்கே?" என்று கேட்பார்கள். நாம சிரிக்க மாட்டோம். "நேரா போங்க" என்று கை காட்டுவோம். மலையாளத்தில் த்ரிப்பரப்பு, தமிழில் திற்பரப்பு. இங்கிலீஷ் எழுத்தை மட்டும் பார்த்துப் படிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் மேல் தப்பு இல்லை.

ஆனால் நமக்கு அப்படி ஒன்று நடந்தால்?

எனக்கு ஒரு பெரியம்மா மகள் உண்டு. பி.காம். முடித்தவள். போன வருஷம் வெளியூரில் ஒரு பெரிய கடைக்கு வேலை கேட்டுப் போனாள். ஒரு தாளைக் கொடுத்து, இதில் உள்ள கம்பெனிப் பெயரை எல்லாம் படி என்றார்களாம். எல்லாம் இத்தாலி நாட்டு விலை கூடிய துணி, பை, செருப்புக் கம்பெனிகள். அக்கா இங்கிலீஷ் போலவே படித்தாள். "வெர்சேஸ், மொஸ்சினோ, செக்னா." அங்கே இருந்தவர்கள் சிரித்து விட்டார்கள். வேலையும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "வேலை போனா போட்டு மக்ளே, அவங்க சிரிச்சதைத்தான் தாங்க முடியல்ல" என்று அழுதாள்.

அன்றைக்கே நான் முடிவு செய்தேன், இதைப் படித்தே தீருவது என்று. டீச்சரிடம் கேட்டும், இத்தாலிக்காரர் சொல்வதை போனில் திரும்பத் திரும்பக் கேட்டும் எழுதிய பாடம் இது. படித்தபோதுதான் தெரிந்தது, இத்தாலி மொழி இங்கிலீஷ் மாதிரி ஏமாற்றாது. ஏழு விதி தெரிந்தால் இந்தப் பெயர்களைப் படித்து விடலாம். அதிலும் தமிழ் தெரிந்த நமக்கு ரொம்ப எளிது.

விதி 1: "சி" என்ற எழுத்துக்குப் பின்னால் "ஐ" அல்லது "இ" எழுத்து வந்தால், 'பச்சை'யில் வரும் ச்ச சத்தம். 1921-ல் ஃபிளாரன்ஸ் நகரில் குச்சியோ குச்சி என்பவர் தொடங்கிய கம்பெனி "குச்சி". நம்ம அடுப்பு எரிக்கிற குச்சிதான்! முதல் எழுத்தை மட்டும் 'தங்கம்' என்பதில் வரும் க போலச் சொல்ல வேண்டும்.

விதி 2: கடைசியில் "இ" எழுத்து வந்தால் அதை விழுங்கக் கூடாது. ஜான்னி வெர்சாச்சே 1978-ல் மிலான் நகரில் தொடங்கியது "வெர்சாச்சே". வெர்சேஸ் இல்லை.

விதி 3: "சி, எச்" சேர்ந்து வந்தால் க சத்தம். இங்கிலீஷுக்கு நேர் எதிர். அதனால் "மொஸ்கீனோ".

விதி 4: "ஜி, ஐ" வந்து அதன் பின்னால் இன்னொரு உயிர் எழுத்து வந்தால், ஐ சத்தம் வராது, ஜ மட்டும் வரும். அர்மானி கம்பெனியைத் தொடங்கியவர் பெயர் "ஜோர்ஜோ". ஜியார்ஜியோ இல்லை.

விதி 5: "ஜி, என்" சேர்ந்தால் ஞ்ஞ. இது நம்ம மாவட்டத்துக்காரருக்குச் சொல்லியே தர வேண்டாம். 'குஞ்ஞு' என்று சொல்லத் தெரிந்த எல்லோருக்கும் "த்ஸெஞ்ஞா" வரும். 1910-ல் தொடங்கிய துணி ஆலை அது. அக்கா செக்னா என்று படித்தது இதைத்தான்.

விதி 6: இத்தாலிக்காரருக்கு இங்கிலீஷ் ட, நமக்கு உள்ள ட இரண்டும் கிடையாது. நாக்கு பல்லில் படும் த தான். அதனால் "ப்ராதா" (ராதா என்பது போல), "ஃபெந்தி" (கல்யாண வீட்டுப் பந்தி போல). ப்ராடா, ஃபெண்டி இல்லை.

விதி 7: பழைய ரோமானியர் "யூ" எழுத்தையும் "வி" வடிவத்தில்தான் எழுதினார்கள். "புல்கரி" நகைக் கம்பெனி இன்றும் தன் பெயரில் அப்படியே எழுதுகிறது. நடுவில் வி பார்த்துப் பயப்பட வேண்டாம். 'புல்' என்பதை அழுத்திச் சொல்லவும்.

கவனம்! இந்த விதிகள் இத்தாலிப் பெயருக்கு மட்டும்தான். பிரான்சுக்காரர்களின் "எர்மெஸ்" முதலில் எச் எழுத்தோடு இருந்தாலும் அவர்கள் அந்தச் சத்தத்தைச் சொல்வதில்லை. அது வேறு பாடம்.

இப்போது ஒரு கேள்வி. நாம எல்லோரும் சின்ன வயசிலிருந்து சரியாகச் சொல்லி வரும் ஓர் இத்தாலிப் பெயர் உண்டு. எது?

வீரமாமுனிவர்! 1680-ல் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். அவர் குடும்பப் பெயர் பெஸ்கி. இங்கிலீஷில் எழுதினால் அதிலும் "சி, எச்" வரும். ஆனாலும் தமிழ்ப் புத்தகத்தில் யாரும் பெஸ்சி என்று எழுதவில்லை, பெஸ்கி என்றுதான் இருக்கிறது. விதி 3 நமக்கு முன்னமே தெரிந்திருக்கிறது, பாருங்கள்! எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் குறிலும் நெடிலும் குழம்பாமல் படிக்க எழுத்தைத் திருத்தித் தந்தவர் அவர் என்று தமிழ் ஐயா சொல்லித் தந்தார். வேற்று நாட்டில் பிறந்தவர் நம்ம எழுத்தை அவ்வளவு கவனமாகப் படித்து, 1732-ல் சதுரகராதியும் செய்தார். அவர் நாட்டுப் பெயர் நாலைந்தை நாம படிக்க முடியாதா?

"அந்தப் பையை நாம வாங்கவா போறோம்? எதுக்குட்டீ இது?" என்று என் தோழி கேட்டாள். உண்மைதான். எங்க அப்பா பல மாதம் ரப்பர் பால் வெட்டினாலும் ஒரு பை வாங்க முடியாது. ஆனால் பெயரைச் சரியாகச் சொல்வதற்குக் காசு வேண்டாம். அந்தப் பெயர் தெரிந்தால் கிடைக்கிற வேலைகளும் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் படித்து விட்டு, ப்ராடா என்று சொல்கிற யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. தெரியாதது குற்றம் இல்லை. சிரிப்பதுதான் குற்றம். அருவிக்கு வழி கேட்கிறவரிடம் நாம நடந்து கொள்கிற மாதிரியே எல்லோரிடமும் நடந்தால் போதும்.

அக்கா அடுத்த மாதம் வேறொரு கடைக்கு நேர்முகத்துக்குப் போகிறாள். தினமும் ராத்திரி நான் தாளைப் பிடிக்கிறேன், அவள் படிக்கிறாள். நேற்று ஒரு தப்பும் இல்லை.

பயிற்சி: வீரமாமுனிவரின் பெயரில் ஜோசப் என்பதும் உண்டு அல்லவா? அதை இத்தாலியில் "ஜி, ஐ, யூ, எஸ், இ, பி, பி, இ" என்று எழுதுவார்கள். எப்படிப் படிப்பீர்கள்? விதி 2, விதி 4 இரண்டையும் பார்க்கவும்.

(விடை: ஜுசெப்பே)


இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி